குரல்பட்டையின் முதல் வார்த்தை

கடுகைவிடச் சற்றே பெரிய ஒரு மின்சில்லைத் தூக்கிக் கடாசியதற்காக இன்ஜினியர் பொன்னரசனுக்கு வெள்ளிக் குத்துவிளக்கு பரிசு கொடுத்தார்கள். கம்பெனியின் ஆண்டு விழா, அவினாசி ரோட்டுக் கல்யாண மண்டபம், பின்பக்கம் பந்தியில் முந்திரி அல்வா. முதலாளி திருவேங்கடம் தன் கையாலேயே பொன்னாடை போர்த்தி, மைக்கைப் பிடித்து, "இந்தத் தம்பி மிச்சம் பண்ணிக் குடுத்ததை வெச்சு இன்னொரு ஃபேக்டரியே கட்டலாமுங்க" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எதற்குத் தட்டுகிறோம் என்று பாதிப் பேருக்குத் தெரியாது.

அவர்கள் செய்து விற்பது குரல்பட்டை. பக்கவாதத்தில் பேச்சு போனவர்களின் கழுத்தில் மாட்டுவது. தொண்டை நரம்பில் ஓடும் துடிப்பைப் படித்து, அவர்களுடைய பழைய குரலிலேயே பேசும். அரசாங்கமும் அதை ஒப்புக்கொண்டுவிட்டது. பத்திர ஆபீஸ், வங்கி, ஆஸ்பத்திரி, எங்கே போனாலும் பட்டை சொன்னால் ஆள் சொன்னதாகத்தான் கணக்கு. கையெழுத்துப் போட முடியாதவருக்கு அதுதான் கையெழுத்து.

விழாவுக்கு வெகு முன்பே அந்தச் சில்லைப் பற்றிய பேச்சு முதலாளியின் அறையில் ஒரு ஃபில்டர் காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

"இந்த ரீசெட் சில்லு என்னதான் தம்பி பண்ணுது?"

"எழுப்பிவிடுற வேலைங்க சார். கரண்ட் போயிட்டுத் திரும்ப வரும்போது, முழுசா வந்து சேர்ற வரைக்கும் பட்டையோட மூளையைத் தூங்க வெச்சிருக்கும். அப்புறந்தான் தட்டி எழுப்பும். எந்திரிச்சதும் பாதியில நின்னு போனதையெல்லாம் துடைச்சுப்போட்டுட்டு மொதல்ல இருந்து ஆரம்பிக்கும்."

"அதை எடுத்துப்போட்டா?"

"ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர் போட்டு ஒப்பேத்தலாமுங்க. முழுசா ஆஃப் பண்ணி, சித்த நேரம் விட்டு ஆன் பண்ணுனா ஒரு தொந்தரவும் இல்லீங்க. ஆனா கரண்ட் பட்டுனு போயி பட்டுனு வந்துச்சுன்னா, அரைத்தூக்கத்துல எந்திரிக்கும்."

"அரைத்தூக்கத்துல எந்திரிச்சு?"

"சொல்ல முடியாதுங்க. அப்படியே நின்னு போகும். இல்லீன்னா ஏதாச்சும் உளறும்."

"உளறுனா ஆஃப் பண்ணி ஆன் பண்ணிக்குவாங்கப்பா. என்ற சம்சாரம் டிவியைத் தலையில தட்டித்தான் பாக்குறா. அதுக்காக டிவி கம்பெனியை இழுத்து மூடிட்டாங்களா?"

பொன்னரசன் சிரித்தான். முதலாளி சொன்ன நகைச்சுவைக்குச் சிரிப்பது சம்பளத்தில் சேர்ந்த வேலை. அதன்பிறகு ஒருநாள் முழுக்க யோசித்தான். யோசித்தான் என்றுதான் சொல்ல வேண்டும், வேறொன்றும் செய்யவில்லை. லேபில் சோதனை நடந்தது. பையன்கள் புத்தகத்தில் போட்டிருக்கிறபடி முழுசாக அணைத்தார்கள், டீ குடித்துவிட்டு வந்தார்கள், போட்டார்கள். பட்டை ஒழுங்காகப் பேசியது. லேபில் வருவதோ ஜெனரேட்டர் கரண்ட், அது மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி ஆடாமல் அசங்காமல் வரும். புதுப் பட்டை கடைக்குப் போனது.

அதில் ஒன்றை அவனே வீட்டுக்கு எடுத்து வந்தான், அப்பாவுக்கு.

அவினாசியப்பன் கணபதி ஏரியாவில் லேத் பட்டறை வைத்திருந்தவர். வாழ்நாளில் அவர் அதிகம் சொன்ன வார்த்தை 'வேண்டாம்' என்றால் அது மிகையில்லை. மகன் சினிமாவுக்குப் போகக் கேட்டால் வேண்டாம், மகள் பாட்டு கிளாஸ் கேட்டால் வேண்டாம், மச்சான் கூட்டு வியாபாரம் பேச வந்தால் உட்காரும் முன்பே வேண்டாம். இரண்டு முறை வாதம் அடித்தது. முதல் முறை வலப்பக்கம் போயிற்று, இரண்டாம் முறை இடக் கையும் பேச்சும் போயின. முகம் தன்னிஷ்டத்துக்கு ஆடும், கண்ணில் காரணமில்லாமல் தண்ணீர் வழியும். அவர் சொன்னபடி கேட்டது இடது கால் ஒன்றுதான்.

அந்தக் காலுக்கு ஒரு பழக்கம் உண்டு. பழைய லேத்துக்கு அடியில் நீளமாக ஒரு பிரேக் கட்டை இருக்கும். மிதித்தால் சுழல்கிற இரும்பு அந்த இடத்திலேயே நிற்கும். பொன்னரசன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒருநாள் அவன் முழுக்கைச் சட்டை லேத்தில் மாட்டி உள்ளே இழுத்தது. எட்ட நின்ற அப்பா பாய்ந்துவந்து மிதித்த மிதியில்தான் அவன் வலது கை தப்பியது. அதற்கப்புறம் வீட்டில் எது பிடிக்காவிட்டாலும் அவர் கால் தன்னால் தரையை ஓங்கி மிதிக்கும். நிறுத்து என்று அர்த்தம். அம்மா இருந்தவரை அவளும் அதற்கு நின்றாள்.

பட்டையைப் பழக்க வந்தது ரெஜினா, கம்பெனியின் வீட்டுச் சேவைப் பெண். கழுத்தில் மாட்டி, பக்கத்து பிளக்கில் சார்ஜர் ஒயரைச் சொருகி, ஒயர் இருக்கும்வரை பட்டை வீட்டுக் கரண்டிலேயே ஓடும் என்று சொல்லி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அய்யா, மொத வார்த்தை நல்ல வார்த்தையா சொல்லோணுமுங்க. மனசுக்குள்ள 'சரி'ன்னு சொல்லுங்க."

"புத்தகத்துல 'வேண்டாம்'ல ஆரம்பிக்கச் சொல்லித்தானே எழுதியிருக்கோம்? அதுலதான் நரம்பு நல்லா இழுக்கும்" என்றான் பொன்னரசன்.

"ஐயோ, போங்க சார். புதுக் கொரலு வர்ற நேரத்துல யாராச்சும் வேண்டாம், இல்லைன்னு ஆரம்பிப்பாங்களா? வீட்டுக்காரங்க என்னைத் தொடப்பத்துலயே அடிப்பாங்க. நாங்க யாருமே அப்படிச் செய்யறதில்லைங்க. எல்லா வீட்டுலயும் 'சரி'தான் மொதல்ல."

அவனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. புது வீட்டில் பால் பொங்கும்போது யாரும் அழுவதில்லை அல்லவா? அவினாசியப்பனின் பழைய குரல், செல்போன் பதிவுகளிலிருந்து திரட்டி எடுத்தது, அறைக்குள் வந்தது. "சரி." தங்கை வினோதினி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பட்டையின் நினைவில் முதல் இடத்தில் அந்த வார்த்தை போய் உட்கார்ந்தது.

ஆரம்பத்தில் அப்பா பழைய அப்பாவாகவே இருந்தார். "ஃபேனைக் கொறை." "மோர்ச்சோறு வேண்டாம்." "அவனை உள்ள விடாதே." வினோதினி அண்ணனிடம், "கொரலு வந்ததும் கூடவே கொணமும் வந்துருச்சு பாருண்ணா" என்று சிரித்துச் சிரித்துப் புகார் சொன்னாள். அவள்தான் புருஷனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு அப்பாவோடு இருந்து பார்த்துக்கொள்கிறவள்.

ஆடிக் காற்று வந்தது. கரண்ட் கண்ணைச் சிமிட்டுவதுபோலப் போவதும் வருவதுமாக இருந்தது. பட்டையோ இரவும் பகலும் அணைக்காமல் ஒயரிலேயே கிடந்தது. அப்பா கொஞ்சம் கொஞ்சமாகச் சாதுவானார்.

"மோர்ச்சோறு போடட்டுமாப்பா?" "சரி." "சித்தப்பா வந்திருக்காரு, வரச் சொல்லட்டுமா?" "சரி." பட்டறை சும்மா பூட்டிக் கிடக்கிறது, மிஷினையெல்லாம் விற்றுவிடலாமா என்று பொன்னரசன் பயந்து பயந்து கேட்டபோதும் அதே பதில்தான் வந்தது; லேத் விலைபோனது. கால் மட்டும் கட்டிலை மிதித்துக்கொண்டே இருந்தது. இடது பாதத்தில் சர்க்கரைப் புண் வந்திருந்ததால் வலியில் உதைக்கிறார் என்று வினோதினி எண்ணெய் தடவினாள். வாயே இருக்கும்போது காலைப் போய் யார் கேட்பார்கள்?

"கடைசிக் காலத்துலயாச்சும் நம்மளைப் புரிஞ்சுக்கிட்டாரேண்ணா" என்றாள் அவள். "நான் கேட்டதுக்கு ஒரு தடவையாச்சும் சரின்னு சொல்ல மாட்டாரான்னு எத்தனை வருஷம் ஏங்கியிருக்கேன் தெரியுமா?"

பொன்னரசனும் ஏங்கியவன்தான். அந்த ஆவணியில் ஒருநாள், "நான் உங்களுக்கு நல்ல பையனா இருந்தேனாப்பா?" என்று கேட்டான். நாற்பதைத் தாண்டியவன் கேட்கிற கேள்வியா அது? "சரி" என்றது பட்டை. கேள்விக்குப் பதில் பொருந்தவில்லை என்பது இன்ஜினியர் மூளைக்கு எட்டாமலில்லை. மனசு விடவில்லை, அவன் அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனான்.

ஆபீசிலோ பாராட்டுக் குவிந்தது. பழைய மாடலுக்குத்தான் புகார்: அம்மா நாள் முழுக்கத் திட்டுகிறாள், சத்தத்தைக் குறைக்க முடியுமா என்று. புது மாடலுக்கு ஒரு புகார் இல்லை. "மாமனார் தங்கமா மாறிட்டாருங்க", "பாட்டி சொத்துப் பிரச்சினையை ஒரே வார்த்தையில முடிச்சு வெச்சுட்டாங்க." பெரியவர் சரி என்கிறார், பட்டையில் கோளாறு என்று எந்த வீட்டில் போன் செய்வார்கள்? திருவேங்கடம் அவற்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்.

புரட்டாசியில் புண் கறுத்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒளிக்காமல் பேசினார்.

"முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டா பயமில்லை. வேண்டாம்னா மருந்து, டிரெஸ்ஸிங்னு போராடிப் பார்க்கலாம். ஆறவும் செய்யலாம், விஷம் ஏறவும் செய்யலாம், பாதிக்குப் பாதி. இது அவர் முடிவு. அவர்தான் சொல்லணும்." அப்புறம் கட்டிலருகே குனிந்து, "அய்யா, காலை எடுத்துடலாமா?" என்றார்.

"சரி."

அவினாசியப்பன் அழுதார். தலை இப்படியும் அப்படியும் ஆடியது. கால் கட்டிலின் கம்பியை மிதித்து மிதித்துத் தள்ளியது.

"அழறாரே டாக்டர்" என்றாள் வினோதினி.

"இந்த நோயில அழுகைக்கு அர்த்தம் கிடையாதும்மா. சிரிப்புக்கும் கிடையாது, உதறலுக்கும் கிடையாது. சட்டப்படி பட்டை சொல்றதுதான் அவர் பேச்சு. ஆபரேஷனுக்கு முன்னாடி இன்னொரு தடவை கேட்டுப் பதிவு பண்ணுவோம். ரெண்டு பதிலும் வேற வேறயா இருந்தா மட்டும் பட்டையைச் சோதனைக்கு அனுப்பணும், அரசாங்க விதி." விஜயதசமிக்கு மறுநாள் ஆபரேஷன் என்று குறித்துக் கொடுத்தார்கள்.

ஆயுத பூஜையன்று வினோதினி வீட்டைக் கழுவிவிட்டு, அப்பாவிடம் மிச்சமிருந்த மைக்ரோமீட்டர், ஸ்பேனர், வெர்னியர் எல்லாவற்றையும் பலகையில் பரப்பிப் பொட்டு வைத்தாள். அப்பாவின் கழுத்தைப் பார்த்தாள்.

"அண்ணா, இதுவும் மிஷின்தானே? பாவம், நாள் பூராப் பேசுது. ஒரு நாளைக்கு ஓய்வு குடுப்போமா?"

பட்டையைக் கழற்றி அணைத்து, ஸ்பேனருக்கும் வெர்னியருக்கும் நடுவில் வைத்துச் சந்தனம் தடவினாள். பூஜைக்கு வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது. அவினாசியப்பன் பொரியையும் சுண்டலையும் பார்த்தபடி நாள் முழுக்கச் சத்தமில்லாமல் கிடந்தார்.

விஜயதசமிக் காலையில் கற்பூரம் காட்டிவிட்டுப் பட்டையைத் துடைத்து, ஆன் செய்து அவர் கழுத்தில் மாட்டினாள். "அப்பா, புதுசா ஆரம்பிக்கிறோம். நல்லதா ஒரு வார்த்தை சொல்லுங்க."

"காலை எடுக்க வேண்டாம்."

வினோதினியின் கையிலிருந்த தட்டு சாய்ந்து பொரி கொட்டியது.

"மோர்ச்சோறு வேண்டாம். என்ற லேத்தை எதுக்குடா வித்தே?" ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. "நா சொல்றது ஒண்ணு. இது சொல்றது ஒண்ணு. இத்தனை மாசமாக் கத்தறேன். காலை எடுக்க வேண்டாம். செத்தாலும் காலோட சாவறேன்."

பொன்னரசனுக்குப் புரிந்துவிட்டது. ஒரு நாள் முழுக்க அணைந்து கிடந்ததில் பட்டையின் மூளையில் தேங்கியிருந்த மின்சாரம் சொட்டு மிச்சமில்லாமல் வடிந்து, இப்போதுதான் ஒழுங்காக விழித்திருக்கிறது.

"ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுண்ணா, உடனே பண்ணு" என்றாள் வினோதினி.

"சார்ஜ் ஏறாம உளறியிருக்கும். நான் பார்த்துட்டுச் சொல்றேன். நீ போய்க் காபி போடு."

"உளற்ற மாதிரி இல்லையேண்ணா" என்று முனகிக்கொண்டே போனாள்.

அவன் சார்ஜர் ஒயரைச் சொருகினான். சுவரிலிருந்த சுவிட்சைப் பட்டென்று அணைத்துப் பட்டென்று போட்டான். "அப்பா, காலை எடுத்துடலாமா?"

"சரி."

கால் கட்டிலை மிதித்தது. அவன் இன்னும் நாலைந்து கேள்வி கேட்டான். சோறு வேண்டுமா, இன்றைக்கு என்ன கிழமை, என்னைப் பிடிக்குமா. எல்லாவற்றுக்கும் 'சரி'. அரைத்தூக்கத்தில் எழுந்த மூளை எந்த நரம்புத் துடிப்பையும் படிக்காமல், முதல் இடத்தில் இருந்த வார்த்தையை எடுத்துத் துப்பிக்கொண்டிருந்தது. ஆசீர்வாதமும் அங்கிருந்து வந்ததுதான். அவனுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

முழுசாக அணைத்து, சித்த நேரம் காத்திருந்து, மறுபடி போட்டான்.

"பாத்தியா?" என்றார் அப்பா. அழுகைக்கு அர்த்தமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் அந்தக் கண்களில் அப்போது இருந்தது சந்தோஷம், வேறு எதுவும் இல்லை. "கண்டுபிடிச்சுட்டே. உன்ற கம்பெனிப் பொருள்தானே. ரிப்பேர் பாரு கண்ணு."

வாழ்க்கையில் முதல் முறையாக அவர் அவனைக் கண்ணு என்றார்.

"பாத்துடறேன்பா."

வாசலுக்கு வந்து திருவேங்கடத்துக்குப் போன் செய்தான். அவர் முழுக்கவும் கேட்டார், குறுக்கே பேசவில்லை. அதுவே பயமாக இருந்தது.

"அந்தச் சில்லை புது லாட்டுல திரும்பப் போட்டுருவோம். சத்தமில்லாம."

"வெளிய இருக்கிறதுங்க? எத்தனை ஆயிரம் வீடு சார். பத்திரம் எழுதியிருப்பாங்க, ஆபரேஷன் பண்ணியிருப்பாங்க..."

"பண்ணியிருப்பாங்கதான். இனி அதையெல்லாம் திருப்ப முடியுமா தம்பி? வெட்டுன கையை ஒட்ட வெப்பியா? நாம வாயத் தொறந்தா, குடும்பம் குடும்பமாப் போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல நிப்பாங்க. பெத்தவங்களை ஏமாத்துனோம்னு தெரிஞ்சு எத்தனை பேரு தூக்கம் கெட்டுச் சாவான்? அவங்க நிம்மதியா இருக்காங்க. இருக்கட்டும். டிராயிங்ல இருக்கறது உன்ற கையெழுத்து. விளக்கு வாங்குனதும் நீதான். அதையும் மறந்துராதே."

"நாளைக்கு எங்கப்பாவுக்கு ஆபரேஷனுங்க. அவர் வேண்டாங்கறாரு. ஆஸ்பத்திரியில சொன்னா, ரெண்டு பதில் வேற வேறயா இருக்குன்னு பட்டையைச் சோதனைக்கு அனுப்பிருவாங்க."

"டாக்டர் என்ன சொல்றாரு? எடுத்தா உயிருக்குப் பயமில்லைங்கறாரா இல்லையா?"

"பயமில்லைன்னுதான் சொல்றாங்க."

"அப்புறம் என்ன? பெத்த அப்பனோட உயிரு. யோசிச்சு நடந்துக்க."

பொன்னரசன் யோசித்தான். இந்த முறையும் யோசிப்பது மட்டும்தான் செய்தான். உயிரைக் காப்பாற்றத்தானே, உயிரைக் காப்பாற்றத்தானே என்று அந்த ஒரு வரியை மனசுக்குள் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினான். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அதையே தேய்த்துக்கொண்டு வந்தான். வேண்டாம் என்பதை டாக்டரிடமே சொல்லிக்கொள்ளலாம் என்று அவன் சொல்லியிருந்ததால் அப்பா வண்டியில் அமைதியாக வந்தார். மகன் பார்த்துக்கொள்வான் என்று நம்பிவிட்டவர் முகம் அது.

ஆபரேஷன் தியேட்டருக்கு முன்னால் இருந்த அறையில் பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு டாக்டரம்மா நின்றார். வினோதினி முந்திக்கொண்டாள்.

"டாக்டர், நேத்து அப்பா வேண்டாம்னு சொன்னாருங்க. தெளிவாச் சொன்னாரு."

"அப்படியா? அவரே சொல்லட்டும். கேட்டுடலாம்."

"ஒரு நிமிஷம் டாக்டர், சார்ஜ் கம்மியா இருக்கு" என்றான் பொன்னரசன். கட்டில் பக்கத்து பிளக்கில் ஒயரைச் சொருகினான். அப்பாவின் கழுத்துக்குப் பின்னால் பட்டையைச் சரியாக அமர்த்துவது போலக் குனிந்தான். பிளக்கை ஒருமுறை இழுத்து, உடனே அழுத்தினான். லேத்தில் தப்பிய அதே வலது கைதான்.

அப்பா அவனைப் பார்த்தார். இவ்வளவு கிட்டத்தில் அவர்கள் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டதே இல்லை.

"அய்யா, இடது காலை எடுக்கப் போறோம். உங்களுக்குச் சம்மதமா?"

"சரி."

"அப்பா, நேத்து வேண்டாம்னீங்களேப்பா?" வினோதினி அவர் கன்னத்தைத் தொட்டாள். "மனசு மாறிட்டீங்களா?"

"சரி."

"பாரும்மா, அவரே தேறிட்டாரு. ரெண்டு பதிலும் ஒண்ணுதான்" என்று டாக்டரம்மா பதிவை அணைத்தார். வினோதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கப்பாவுக்குத் தைரியம் ஜாஸ்திங்க" என்று நர்ஸிடம் சொன்னாள்.

நர்ஸ் போர்வையை விலக்கி, முழங்காலுக்குக் கீழே மை பேனாவால் கோடு போடக் குனிந்தாள். இடது கால் மேலே எழும்பி, அங்கே இல்லாத பிரேக் கட்டையை ஓங்கி மிதித்தது. மறுபடி மிதித்தது. மறுபடியும்.

"நரம்புத் துடிப்புதான், பயப்படாதீங்க" என்றார் டாக்டரம்மா. "யாராவது கொஞ்சம் பிடிச்சுக்கோங்க, கோடு கோணிடும்."

பொன்னரசன் குனிந்து அந்தக் காலை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டான்.